கண்ணாடியைக் கழற்றிய பிறகு

பிச்செனோ என்ற கடலோர ஊரின் முதியோர் இல்லத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் தேநீர் வேளையில் கண்முன்னே படம் விரிக்கும் விஆர் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். இருந்த இடத்திலேயே ஊர் உலகம் சுற்றி வரலாம். முதியவர் டெஸ்ஸுக்கு மட்டும் கடல் படம் போட்டாள் பணிப்பெண் ஷெரில். நாற்பது வருடம் சிங்கி இறால் பிடித்தவர், எந்தக் கடலிலும் குமட்டியறியாதவர். படத்தில் படகு ஆடத் தொடங்கியதுமே முகம் வெளிறி வாளியைக் கேட்டார்.

"நிஜக் கடலையே ஜெயிச்சவரு, பொம்மைக் கடல்ல கவுந்துட்டீங்களே!" ஷெரில் சிரித்தபடி கண்ணாடியைக் கழற்றினாள். "கண்ணு ஆடுதுங்கும், உடம்பு இல்லைங்கும். அந்தச் சண்டையிலதான் குமட்டுது. ஜன்னலைப் பாருங்க, சரியாயிடும்."

டெஸ் ஜன்னலைப் பார்த்தார். முகம் தெளிந்தது. ஆனால் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ சண்டை இல்ல, தாயி. ரெண்டுமே ஆடுதுன்னுதான் சொல்லுது. நீயும் எதையாவது பிடிச்சுக்கோ."

"குசும்பு போகவே போகாது உங்களுக்கு," என்றபடி ஷெரில் தேநீர்த் தட்டை எடுக்கத் திரும்பினாள். மேசைமேல் தட்டு அசையாமல்தான் இருந்தது. கோப்பைகளில் தேநீர் ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. பிறகு எல்லாக் கோப்பைகளிலும் ஒன்றாக, அவசரமே இல்லாமல், கதவுப் பக்கம் சாய்ந்தது.