நூற்று இருபது சென்டிமீட்டர்

“இந்த வீட்டுக்குள்ள ஒரு ஃபிராடு இருக்கு. யாருன்னு தானா வந்து ஒத்துக்கிட்டா மரியாதை.”

கதவு வியாபாரி தொண்டையைத் திறந்ததும் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

இடிக்கிற வீடுகளில் கதவு, ஜன்னல் வாங்கி விற்கிறவர் அவர். எதிராளி வாயைத் திறக்குமுன் பாதி விலைக்கு இறக்கிவிடுகிற ஆள். அவர் கண்ணிலேயே ஒருத்தர் மண்ணைத் தூவுவதா?

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு குடும்பத்தோடு தீம் பார்க். அங்கே உயரத்தில் ஏறிச் சரிகிற பெரிய ரயிலில் ஏற நூற்று இருபது சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இருந்தால் கையில் சிவப்புப் பட்டை, குறைந்தால் நீலம். போன வருடம் பெரிய மகளை இரண்டு விரல் குறைகிறாள் என்று ரயில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதனால் இந்த முறை முன்னேற்பாடு. போன வாரமே ஹால் கதவு நிலையில் நூற்று இருபது அளந்து பென்சிலால் கோடு போட்டார். பெரியவள் கோட்டுக்கு மேலே ஒரு விரல் இருந்தாள். அன்றைக்கே ஒரு திட்டமும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். எத்தனை மணிக்கு எதில் ஏறுவது, யாரோடு யார் போவது, சாப்பாட்டுக்கு அரை மணி, அழுகைக்கு ஐந்து நிமிடம் என்று எல்லாம் அதில் உண்டு.

இன்று டிக்கெட் எடுக்க உட்கார்ந்தவர், எதற்கும் இன்னொரு தடவை என்று அவளை நிறுத்திப் பார்த்தால், கோடு அவள் தலைக்கு மேலே நிற்கிறது.

“ஒரு வாரத்துல பிள்ளை சுருங்குமா? அவ என்ன துவைச்ச பனியனா?”

“நீங்களே அவசரத்துல தப்பா போட்டிருப்பீங்க” என்றபடி மனைவி ஈரக்கையோடு வந்தாள்.

“நானா? இருபது வருஷமா கதவு அளக்கறேன். என் கோட்டு நுனியில ஒரு அம்புக்குறி இருக்கும். இதுல எங்க இருக்கு? யாரோ ரப்பர் போட்டு அழிச்சிட்டு, மேல வேற கோடு கிழிச்சிருக்காங்க.”

டேப்பை இழுத்துப் பெரியவளை அளந்தார். நூற்று இருபத்திரண்டு.

அதற்குள் போன் அடித்தது. “தேக்கா? ரெட்டைக் கதவா? யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க, வந்து பேசறேன்” என்று முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தார்.

“டேய் குண்டூசி, இங்க வா.”

குண்டூசி என்பது சின்னவன். ஆறு வயது. சோபாவுக்குப் பின்னாலிருந்து தலை மட்டும் வந்தது.

“அக்கா மட்டும் பெரிய ரயில்ல போறான்னு வயிறு எரியுதா உனக்கு?”

“நான் இல்லப்பா.”

“கதவுகிட்ட ஸ்டூல் கிடக்கே. யாருக்குடா ஸ்டூல் வேணும், எனக்கா?”

“எனக்குத்தான். பல்பு மாத்தினேன்” என்றாள் மனைவி. “உங்ககிட்ட சொல்லி மூணு வாரம் ஆச்சு.”

“நீ குறுக்க வராதே. டேய், உண்மையைச் சொல்ற வரைக்கும் உனக்கு டிக்கெட் கிடையாது. நாங்க மூணு பேர் மட்டும் போயிட்டு வர்றோம்.”

குண்டூசியின் உதடு கோணியது. அழுகை கிளம்பிவிட்டது.

“அவனை விடுங்கப்பா” என்றாள் பெரியவள். “நான்தான் அழிச்சேன்.”

வியாபாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த டேப் சர்ரென்று உள்ளே ஓடியது.

“நீயா? ஒரு வருஷமா ரயில் ரயில்னு எங்க உயிரை எடுத்தவ நீதானே? இப்ப பயமாயிடுச்சா?”

“பயம் எல்லாம் இல்ல.”

“பின்ன எதுக்கு?”

பெரியவள் கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள்.

“நீங்க எழுதின திட்டத்துல, ரயிலுக்கு நானும் அம்மாவும். வாத்துப் படகுக்கு நீங்களும் இவனும்.”

“எனக்கு உயரத்துல ஏறினா தலை சுத்தும். அதான் அப்படிப் பிரிச்சேன். அதுல என்ன தப்பு?”

“போன வருஷமும் அப்படித்தான் பிரிச்சீங்க. என்னைத் திருப்பி அனுப்பினதும் அம்மா தண்ணி வாங்கப் போனாங்க, நான் நேரா படகுகிட்ட வந்தேன். இவன் தனியா உட்கார்ந்து சுத்திட்டு இருந்தான். உங்க பக்கம் வரும்போதெல்லாம் கையாட்டினான். நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு போன்ல பேரம் பேசிட்டு இருந்தீங்க. அப்புறம் நான்தான் நின்னு கையாட்டினேன்.”

பெரியவள் குண்டூசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு நீலப் பட்டைன்னா, நான் இவன்கூடவே இருந்துடலாம்ல?”

போன் மறுபடி அடித்தது. அதே தேக்குக்காரர். வியாபாரி அதை எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

“சரி. அன்னிக்கு போனை சைலன்ட்ல வெச்சுக்கறேன். நீ ரயிலுக்குப் போ.”

பெரியவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

“ஆஃப் பண்ணி அம்மா பையில போட்டுடறேன்.”

அதற்கும் மறுத்தாள்.

“வீட்லயே வெச்சிட்டு வர்றேன்மா. இதுக்கு மேல நான் எங்க ஏறுவேன்?”

“படகுலதான். இவன் பக்கத்துல உட்காரணும்ப்பா. ஒரு சுத்து இல்ல, இவன் போதும்னு சொல்ற வரைக்கும்.”