காவல் காத்த கையுறை

டிரைவர் மாசிலாமணியின் கையில் ஏறிய நாள் முதல் வெள்ளைக் கையுறைக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தக் கைக்கு நான்தான் காவல்" என்று ஸ்டீயரிங்கிடம் பீற்றிக்கொண்டது.

"யாரிடமிருந்து? ஒரு விரல் பட்டாலே திரும்புகிறேன், ஏசி வேறு ஓடுகிறது. அவன் கை என்மேல் படக் கூடாதென்றுதானப்பா உன்னை மாட்டியிருக்கிறார்கள்" என்று சிரித்தது ஸ்டீயரிங்.

கையுறை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலாளியே வண்டியை எடுத்தார். பஜ்ஜி தின்ற வெறுங்கை. ஸ்டீயரிங் முழுக்க எண்ணெய். டாஷ்போர்டில் கிடந்த கையுறை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் மாசிலாமணி மாட்டும்போது கையுறை தன் தையலைத் தானே பிரித்துக்கொண்டது. ஐந்து விரலும் வெளியே வந்தன.

மத்தியானமே புதுக் கையுறை வந்துவிட்டது. கண்ணாடி துடைக்கும் துணியாகிவிட்ட பழையது, "தம்பி, ஏமாறாதே!" என்று கத்தியது.

புதியது ஸ்டீயரிங்கிடம் கேட்டது: "யாரந்த அழுக்குத் துணி? இந்தக் கைக்கு நான்தான் காவல், தெரியுமா?"