அரை நொடி முன்னால்

"எதிர்க் கட்டடத்துல, மூணாவது மாடி ஜன்னல்ல ஒருத்தங்க நம்மகூடவே கை தூக்கறாங்க. பாத்தீங்களா?"

டெய்லரக்கா கிசுகிசுத்தாள். பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற கண்டக்டர் திரும்பவே இல்லை.

"இங்க நிக்கறதுக்கே மூச்சு வாங்குது. இதுல மூணாவது மாடிய வேற பாக்கணுமாம்மா?"

நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்து அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. சமூகக் கூடத்தில் காலை ஆறு மணிக்கு இலவச உடற்பயிற்சி வகுப்பு என்றதும் சேர்ந்துவிட்டாள். இருபது பேர், எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு முப்பதுகூட இருக்காது. அதிகம் பேசமாட்டாள். வகுப்பு முடிந்ததும் யாரோ துரத்துவதுபோலக் கிளம்பிவிடுவாள்.

டீச்சருக்குப் பின்னால் சுவர் நிறையக் கண்ணாடி. அதில்தான் அந்த ஜன்னல் தெரிந்தது. திரைக்குப் பின்னால் மெலிந்த, கறுத்த ஓர் உருவம். முகம் இல்லை.

மூன்றாவது வாரம்தான் டெய்லரக்கா அதைக் கவனித்தாள். டீச்சர் "வலது கை" என்று வாய் திறப்பதற்கு முன்பே அங்கே வலது கை உயர்ந்துவிட்டது. டீச்சர் குனியச் சொல்லுமுன் அது குனிந்தது. எல்லாமே அரை நொடி முன்னால்.

மறுநாள் வகுப்புக்குச் சற்று முன்பாக அந்தக் கட்டடத்தில் ஏறிப் பார்த்தாள். மூன்றாவது மாடிக் கதவில் வெளியே பெரிய பூட்டு தொங்கியது. தட்டினாள். பதில் இல்லை. கீழே இறங்கிக் கூடத்துக்குள் நுழைந்தால், பூட்டிய வீட்டு ஜன்னலில் அந்த உருவம் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

டீச்சரைத் தனியாக அழைத்துச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. "அங்க யாரும் இல்லக்கா. கண்ணாடியப் பாக்காதீங்க. என்னை மட்டும் பாத்துச் செய்யுங்க."

அதன்பிறகு டெய்லரக்காவுக்குத் தூக்கம் கெட்டது. வகுப்பை விட்டுவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருந்தது.

நான்கு நாள் கழித்து, வகுப்பின் நடுவில் டீச்சர் சட்டென்று நின்றாள். தூக்கிய கைகள் அப்படியே கீழே விழுந்தன. கண்கள் எல்லாருடைய தலைக்கும் மேலே எங்கோ குத்திட்டு நின்றன.

"அடுத்தது என்ன டீச்சர்?" என்றார் கண்டக்டர்.

அவளுக்குக் காதில் விழவில்லை. டெய்லரக்கா கண்ணாடியைப் பார்த்தாள். ஜன்னலில் உருவம் இல்லை. திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

டீச்சர் வாசலை நோக்கி ஓடினாள். என்ன தோன்றியதோ, டெய்லரக்காவும் பின்னாலேயே ஓடினாள். மூன்று மாடி ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் தன் இடுப்புப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்தப் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே ஜன்னலடியில், எலும்பும் தோலுமாய் வயதான ஒரு பெண் கணுக்காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கால் பிசகிடுச்சு, வேற ஒண்ணுமில்ல. அதுக்காக வகுப்பப் பாதியில விட்டுட்டு வருவியா?"

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு டெய்லரக்கா பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். அப்பா போனதும் படுத்தவங்க, எட்டு மாசம் எழுந்திருக்கல. கதவு திறக்கக்கூட வரமாட்டாங்க, அதான் பூட்டிட்டு வருவேன். எங்களை மன்னிச்சிடுங்கக்கா. எனக்கு உடற்பயிற்சி ஒண்ணுமே தெரியாது, இவங்களைப் பாத்துத்தான் செய்வேன். உங்க இருபது பேரையும் சேத்ததே, இவங்க ஒருத்தங்களை எழுப்பி நிக்கவைக்கத்தான்."