உட்பக்கம் தேய்ந்த பற்கள்

பூரணி வாயைத் திறந்தபடி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னக் கண்ணாடி மேல்வரிசைப் பற்களுக்குப் பின்னால் போனது. அங்கேயே நின்றது.

"கூச்சம் எப்ப இருந்து?" என்றார் பல் டாக்டர்.

வாய்க்குள் கண்ணாடி இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. அம்மா சொன்னாள். "நிச்சயம் பண்ணுனதுல இருந்துங்க. பச்சைத்தண்ணி பட்டாலே துள்றா. பிரஷ்ஷ அழுத்தித் தேய்ப்பாளாட்ட இருக்குது. கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருங்க. போட்டோவுல தெரியுமில்லைங்க."

முன்பற்களின் நுனி மெலிந்திருந்தது. வெளிச்சம் ஊடுருவிப் போனது.

"எக்ஸ்ரே எடுக்கணும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

கதவு மூடியது.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கவில்லை. நாற்காலியை நிமிர்த்தினார். முகக்கவசத்தைக் கழற்றினார்.

"பிரஷ்ஷுனால தேஞ்சா வெளிப்பக்கம் தேயும், பூரணி. உனக்கு உட்பக்கம் தேஞ்சிருக்கு. வயித்துல இருக்கற ஆசிட் அடிக்கடி பட்டா இப்படி ஆகும்."

ஸ்டூலை அருகில் இழுத்துக்கொண்டு கேட்டார்.

"சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கறயா?"

மார்பில் விரித்திருந்த துணியின் ஓரத்தை மடித்தாள். பிரித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா அதட்டிச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முகூர்த்த ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது. "இப்பத் தெக்கக் குடுக்க வேண்டாம். இன்னுங் கொஞ்சம் எளைக்கட்டும்."

அதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள் அதுகூடச் சொன்னதில்லை. காபி குடித்துவிட்டுப் போனவர்கள், போனவர்கள்தான்.

ரவிக்கை இன்னும் தைக்கவில்லை.

"இதுக்குப் பார்க்கற டாக்டர் இருக்காங்க. நானே பேசறேன். அம்மாகிட்டயும் சொல்றேன்."

"அம்மாகிட்ட வேண்டாங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். பல் நிறத்தில் பசை வைத்துத் தேய்ந்த இடத்தை நிரப்பலாம் என்றார். பிறகு பல்லுக்கு மேல் உறைபோலக் கேப் போடலாம். வாந்தி நிற்காவிட்டால் இரண்டும் நிற்காது.

"கல்யாணம் வரைக்கும் தாங்குங்களா?"

"நீ நிறுத்திட்டா ரொம்ப வருஷம் தாங்கும்."

"கல்யாணம் வரைக்குங்க."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் தனியாக வரச் சொன்னார். தலையாட்டினாள். வரமாட்டாள் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

பசையை இறுக்கும் நீல வெளிச்சம் ஒவ்வொரு பல்லாக நின்று நகர்ந்தது.

வெளியே அம்மா அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"லட்சணமா இருக்குது கண்ணு."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஹோட்டலுக்குப் போனார்கள். அம்மா நெய் ரோஸ்ட் சொன்னாள். அப்புறம் பூரி. பூரணி எல்லாவற்றையும் சாப்பிட்டாள். நிமிராமல், வேகமாக. கிழங்கை வழித்துச் சாப்பிட்டாள்.

எழுந்தாள்.

"கை கழுவிட்டு வர்றம்மா."

அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆளுக நெறைய இருக்காங்க கண்ணு. சத்தம் கேக்காமப் பாத்துக்க."