குனியாத தோள்

"ஏலே கருத்தையா! குனிஞ்சு நடலே! முன்பக்கம் தூக்கலா இருக்கு. சாமி பின்னால சாயுதாருல்லா!"

தர்மகர்த்தா தில்லைநாயகம் பிள்ளை பல்லக்குக்குப் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். அன்று தைப்பூசம். முருகனைத் தீர்த்தவாரிக்குத் தாமிரபரணிக்குக் கொண்டுபோகிறார்கள். கோயிலிலிருந்து படித்துறைக்கு முழுசாக ஒரு மைல்.

நாலு பேர் தூக்கும் பல்லக்கு. முன்தண்டின் நுனியில் கருத்தையா. அவனை ஒட்டி, அதே தண்டில் பின்னால் பேச்சிமுத்து. கருத்தையா நல்ல நெட்டை. பேச்சிமுத்து அவன் காதுக்குத்தான் வருவான்.

"நெட்டையா இருக்கவன் முழங்காலை மடக்கி, கூட வாரவன் தோள்மட்டத்துக்குத் தாழ்ந்துல்லா நடக்கணும்? பதினஞ்சு வருசமாத் தூக்குதே. இதெல்லாம் நான் சொல்லியா தெரியணும்?"

தெரியும். நன்றாகவே தெரியும். ஆனாலும் கருத்தையா குனியவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தான். பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்கதப் பாரும் வே! டில்லி தர்பாருக்கா போறான்?"

"சாமியைச் சுமக்கோமேங்கிற பயம் இருக்கா அண்ணாச்சி? எல்லாம் திமிரு!"

பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்பக் குனியல்லைன்னா அடுத்த வருசம் ஒனக்குத் தண்டு கெடையாது. ஒங்க அப்பன் காலத்துலேருந்து வார உரிமை. நல்லா யோசிச்சுக்க!"

கருத்தையாவின் முகம் செத்துப்போனது. வருசம் முழுக்க அவன் காத்துக் கிடப்பது இந்த ஒரு நாளுக்குத்தான்.

"பைய நடங்கலே" என்று மட்டும் மற்றவர்களிடம் சொன்னான். படித்துறை வரைக்கும் நிமிர்ந்தபடியே நடந்தான்.

பல்லக்கை இறக்கி வைத்ததும் பேச்சிமுத்து பொலபொலவென்று அழுதுவிட்டான். மலைக்காய்ச்சலில் ரெண்டு மாசம் கிடந்து, எழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பிழைத்தால் இந்தப் பூசத்துக்கு வழியில் ஆள் மாற்றாமல் உன்னைச் சுமக்கிறேன் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, முருகன் எனக்குப் பூவா இருந்தாரு! தோள்ல பாரமே தெரியல்ல!"

கண்ணைத் துடைத்துக்கொண்டவன், கருத்தையாவைப் பார்த்து முறைத்தான்.

"நோயாளி நானே மொறையாத் தூக்கிட்டு வந்துட்டேன். தடிமாடு கணக்கா இருக்கான், இவனுக்குக் குனிய வலிக்கோ?"

"கேட்டியாலே?" என்றார் பிள்ளை. "இனிமே நீ தண்டுல கை வைக்கக் கூடாது. போ!"

கருத்தையா துண்டை எடுத்துத் தோளை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் அவன் மனைவி இசக்கியம்மா துண்டை விலக்கிப் பார்த்துப் பதறிப்போனாள். தோள் முழுக்கத் தோல் உரிந்து, ரத்தம் கட்டிக் கிடந்தது. எண்ணெயைத் தொட்டு வைத்துக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"ஊரே காறித் துப்புது. உரிமையும் போச்சு. அவ்வளவு பேரு சொல்லுதாகளே, கொஞ்சம் குனிஞ்சு நடந்தா ஒமக்கு என்ன கொறைஞ்சா போவும்?"

"மெதுவாப் பேசுட்டி, அடுத்த வீட்டுல பேச்சிமுத்து காதுல விழுந்திரப் போவுது" என்றான் கருத்தையா. "நான் குனிஞ்சிருந்தா அம்புட்டுப் பாரமும் அவன் தோள்லல்லா எறங்கியிருக்கும்?"