நிலாவில் கரண்ட் போச்சு

"எல்லாரும் தூங்கறாங்களா?"

தயாரிப்பாளர் இனோகுமா ஸ்கிரிப்டை மேஜையில் வைத்தார். "முழு எபிசோடும்?"

"ஆமா, இனோகுமா சான். அசந்து தூங்கறாங்க" என்றாள் மினெகிஷி. பதினைந்து வருஷமாக அடுத்தவர் தொடர்களுக்கு ஒன்றும் இரண்டுமாக எபிசோடு எழுதிக் கொடுத்து, நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக ஒரு அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடருக்குத் தலைமை எழுத்தாளர் ஆனவள்.

"கனவாவது வருமா?"

"வராது. உளறுவாங்க. பகல்ல சொல்ல முடியாததை எல்லாம் தூக்கத்துல சொல்லிடுவாங்க. நடுநடுவுல குறட்டை."

இயக்குநர் தோயாமா சிரித்த சிரிப்பில் டின் காபி அவர் சட்டையிலேயே கொட்டிவிட்டது. குறட்டை பிரமாதம் என்றார். இனோகுமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிலாவில் வீடு வீடாகத் தபால் கொடுக்கும் நாலு பெண்களின் கதை அது. பறக்கலாம், துரத்தலாம், எரிகல் மழையில் குட்டிக்கரணம் போடலாம். இந்தம்மா என்ன செய்தாள்? ஐந்தாவது எபிசோடில் நாலு பேருக்கும் ஜலதோஷம். ஒரே போர்வைக்குள் கழுத்து வரைக்கும் மூடிக்கொண்டு அரட்டை. ஆறாவதில் கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டை ஒருத்தியும் கழற்றவே இல்லை. எட்டாவதில் நிலா பூராவும் கரண்ட் போச்சு. பத்து நிமிஷம் கும்மிருட்டு, குரல் மட்டும்.

பொம்மைக் கம்பெனி விளம்பரதாரர் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு போன் போட்டு, இருட்டில் என் பொம்மையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? அன்றைக்கு நேரில் போய்க் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டதில் இனோகுமாவுக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது. இப்போது பத்தாவதில் குறட்டையாம்.

வெளியில் ஒரு பேச்சு வேறு அடிபட்டது. நல்ல காட்சிகளை எல்லாம் இன்னொரு கம்பெனித் தொடருக்குப் பத்திரமாக ஒளித்து வைத்துக்கொண்டு, இங்கே மிச்சம் மீதியைத் தள்ளிவிடுகிறாள் என்று. இனோகுமா அதை அப்படியே நம்பிவிட்டார்.

மாற்றுங்கள் என்றார். மினெகிஷி எழுந்து தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். ஆனால் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

சரிதான் போ என்று சகாகி என்கிற வேறொரு எழுத்தாளரிடம் இனோகுமா பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை மினெகிஷி பேரை எடுத்துவிட்டு சகாகி பேரைப் போட வேண்டியதுதான். முதல் தொடரிலேயே பாதியில் தூக்கப்பட்ட எழுத்தாளரை அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? அது அவள் பாடு.

சனிக்கிழமை காலை, படம் வரைகிறவர்களிடம் இந்த நல்ல செய்தியைச் சொல்லலாம் என்று விசில் அடித்துக்கொண்டே மாடி ஏறினார். பாவம், இனிமேலாவது வரைவதற்கு உருப்படியாக ஏதாவது கிடைக்குமே.

வாசலிலேயே விசில் நின்றுவிட்டது. முப்பது மேஜை, ஈ காக்கா இல்லை. மேஜைக்கு அடியில் எப்போதும் யாராவது கால் நீட்டிப் படுத்திருப்பார்கள் என்று அங்கேயும் குனிந்து பார்த்தார். ஒரு காலும் இல்லை.

கடைசி மேஜையில் மட்டும் நிஷினா. வரைகிறவர்களுக்கெல்லாம் தலைவி. பென்சில் கறை ஸ்வெட்டரைத் தவிர வேறு எதிலும் யாரும் பார்த்திராத மனுஷி, பட்டுக் கிமோனோவில் ஜம்மென்று உட்கார்ந்து மொய்க் கவரில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நம்ம முன் மேஜை ஹயாமிக்குக் கல்யாணம், எல்லாரும் போயாச்சு, கவரை மறந்துவிட்டு நான்தான் திரும்பி வந்தேன் என்றார்.

மூன்று தடவை தள்ளிப்போன கல்யாணம். மூன்று தடவையும், வரைந்து முடிக்காமல் லீவு கிடையாது என்று மாப்பிள்ளையிடம் சொன்னது சாட்சாத் இனோகுமாவேதான்.

"எட்டாவது எபிசோடு திங்கட்கிழமை போகணும். யாரு லீவு குடுத்தா?"

"அது புதன்கிழமையே முடிஞ்சுது. கும்மிருட்டுல வரையறதுக்கு என்ன இருக்கு?"

சிரித்துக்கொண்டே நிஷினா மடமடவென்று மற்றதையும் சொல்லிவிட்டார். போர்வை எபிசோடில் கழுத்துக்குக் கீழே வரைய ஒன்றும் இல்லை. அந்த வாரம் பக்கத்து மேஜையில் வரைகிற யோனேகுரா தன் பெண்டாட்டி பக்கத்திலேயே இருந்து, பிறந்த குழந்தையைக் கையில் வாங்கினான். ஹெல்மெட் எபிசோடில் வாய் அசைவே கிடையாது. அந்த வாரம் நிஷினாவின் வீங்கின மணிக்கட்டுக்கு ஓய்வு. யாருக்கு எந்த வாரம் என்ன தேவை என்று இவரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் மினெகிஷி எழுதவே உட்காருவாளாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். கல்யாண சந்தோஷத்தில் நிஷினாவுக்கு வாய் நிற்கவில்லை.

இனோகுமாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தயாரிப்பாளர் ஆயிற்றே, அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க முடியுமா?

"சரி, அது கல்யாணம், இது பிரசவம். பத்தாவதுல நாலு பேரும் தூங்கறாங்களே, அது யாருக்காம்? அடுத்த மாசம் இங்க ஒருத்தருக்கும் ஒரு விசேஷமும் கிடையாது. சுத்த சோம்பேறித்தனம். அதுக்குத்தான் திங்கட்கிழமை அவங்களை அனுப்பப்போறேன்."

நிஷினா கவரைக் கைப்பையில் வைத்து மூடினார்.

"அது உங்களுக்கு, இனோகுமா சான். இருபதாம் தேதி உங்க பொண்ணு ஸ்கூல்ல விளையாட்டு விழா. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து ஓடற பந்தயத்துல மூணு வருஷமா அவ தனியாத்தான் ஓடறாளாமே."