கவிழ்க்கும் நாற்காலி

புதிதாகச் சேர்பவர்களுக்கென்றே அந்த அலுவலகத்தில் ஒரு நாற்காலி இருந்தது. பார்வைக்கு மற்றவை போலத்தான் இருக்கும். கொஞ்சம் சாய்ந்தால் போதும், பின்பக்கம் மடங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். முதல் முறை விழும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். சுகந்தியும் விழுந்திருக்கிறாள், எழுந்து அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். முதுகைவிட அந்தச் சிரிப்புதான் அதிக நாள் வலித்தது. இன்று ஆஃப்ரின் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குத் துணையிருந்து வேலை பழக்கும் பொறுப்பு சுகந்திக்கு. “சார், இவளுக்காவது நல்ல சேர் குடுங்க” என்றாள். “ஏம்மா, நீ விழுந்து எந்திரிச்சுதானே இவ்ளோ தூரம் வந்தே? அவளும் பழகட்டும். விழறப்போ என்னையும் கூப்பிடு” என்று சொல்லிவிட்டு, மேலாளர் ஜெயசீலன் கைப்பேசியோடு வெளியே போனார். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்றே தெரியாமல் ஆஃப்ரினும் சிரித்தாள். அதைத்தான் சுகந்தியால் தாங்க முடியவில்லை. விடுவிடுவென்று அவர் அறைக்குள் போய் அவருடைய நாற்காலியை உருட்டிவந்தாள். “இதுல உட்காருடி. நல்லா சாஞ்சு உட்காரு.” அந்தக் கவிழ்க்கும் நாற்காலியைக் கொண்டுபோய் அவர் மேசைக்குப் பின்னால் நிறுத்தினாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஜெயசீலன் பேசிக்கொண்டே திரும்பிவந்து, பார்க்காமலேயே உட்கார்ந்து, பாரமான தன் உடம்பை வழக்கம்போல் பின்னால் சரித்தார். சுகந்தி தன் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே விரித்து வைத்துக்கொண்டாள்.